கையில் டார்ச்சா, துப்பாக்கியில் லைட்டா?

துப்பாக்கியில் லைட் மாட்டிக்கொள்ளலாமா? ஓசூரில் கேஷ் வேன் கன்மேனாகச் சேரப்போகும் முன்னாள் ராணுவத்தினரும் கேட்கிறார்கள். சிப்காட்டில் சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்துக்கொண்டு, பணத்தோடு போய்வர வேண்டியிருக்கிறதே என்று கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியவர்களும் கேட்கிறார்கள். இரு தரப்பும் பார்த்திருப்பது ஒரே மாதிரி வீடியோதான். அமெரிக்காவில் ஒருவர் சட்டைக்கு அடியிலிருந்து பிஸ்டலை உருவுகிறார், குழலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் குட்டி லைட் பளீரென்று எரிகிறது, இருட்டறை பட்டப்பகலாகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில், இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வேண்டாம். நல்ல டார்ச் ஒன்று வாங்கி இடது கையில் பிடிக்கப் பழகுங்கள். விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பாருங்கள். வீடியோவில் வருவது பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல். அது இங்கே தடைசெய்யப்பட்ட ரகம். போலீசும் ராணுவமும் வைத்திருப்பது. தனியாருக்கு லைசென்ஸில் பெரும்பாலும் கிடைப்பது .32, .22 ரகங்கள். கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், 2014இல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்த ‘நிர்பீக்’, அரசுத் தொழிற்சாலையின் பழைய .32 பிஸ்டல் ஆகியவைதான் நம் பக்கம் அதிகம் புழங்குபவை. லைட்டைக் கவ்விப் பிடிக்கக் குழலுக்கு அடியில் வரிவரியாக ரெயில் ஒன்று வேண்டும். இவை எதிலும் அது கிடையாது. வங்கி வாசலில் நிற்பவர் தோளில் தொங்குவதோ 12 போர் சிங்கிள் பேரல் அல்லது டபுள் பேரல். ஆக, பாதிப் பேருக்குக் கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதிப் பேருக்கு ஓசூர் ஒரு ஆசையைக் காட்டும். இந்த ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து தரும் ஆட்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஓசூர் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிகணியில் துப்பாக்கித் தொழிற்சாலையே நடக்கிறது. ‘ஒரு ரெயில்தானே, ரெண்டு துளை போட்டு டேப் அடித்தால் முடிந்தது’ என்று தோன்றத்தான் செய்யும். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, துப்பாக்கியை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறினால் குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். துளை போட்டுக் கொடுத்த பட்டறைக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

துளை போடாமல் திருகி இறுக்கும் கிளாம்ப் 12 போர் குழலுக்குக் கிடைக்கிறது. ஆனால் 12 போரின் உதைப்பில் மலிவான கிளாம்ப் நகர்ந்துவிடும். மலிவான லைட்டுக்குள் பேட்டரி தொடர்பு விட்டுப்போகும். அதோடு, துப்பாக்கி ஏஜென்சியுடையது அல்லது வங்கியுடையது என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் அதில் ஒரு ரப்பர் பேண்டைக்கூடச் சுற்றாதீர்கள்.

இதெல்லாம் இயந்திரமும் சட்டமும். ரெயிலும் அனுமதியும் இருந்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு.

ராத்திரி பத்தரை மணி. இரண்டாவது ஷிப்ட் பஸ்கள் போய்விட்டன. கேட்டில் ஒரு கண்டெய்னர் லாரி வந்து நிற்கிறது. செக்யூரிட்டி என்ன செய்கிறார்? நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார். பின்பக்கம் போய் சீல் அறுபட்டிருக்கிறதா, சீல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறார். வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. கேபினுக்குள் டிரைவரைத் தவிர வேறு யாராவது உண்டா? கடைசியாக டிரைவர் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்க்கிறார். இத்தனைக்கும் வெளிச்சம் வேண்டும்; ஒன்றுக்குக்கூடத் துப்பாக்கி வேண்டாம். லைட் துப்பாக்கியில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம்பர் பிளேட்டுக்கும் துப்பாக்கி, சீலுக்கும் துப்பாக்கி, கடைசியில் தூத்துக்குடியிலிருந்து தூங்காமல் வண்டி ஓட்டி வந்த மனிதரின் முகத்துக்கும் துப்பாக்கி. சுட மனமில்லாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே என்பது பயிற்சியின் முதல் நாள் பாடம். லைட்டைத் துப்பாக்கியில் மாட்டிய நிமிடத்திலிருந்து, பார்ப்பதும் குறிவைப்பதும் ஒரே செயலாகிவிடுகிறது. பொது இடத்தில் துப்பாக்கியை நீட்டி மிரட்டக் கூடாது என்று ஆயுத விதிகளிலேயே இருக்கிறது. டிரைவர் போலீசில் புகார் கொடுத்தால் ‘லைட் அடித்தேன் சார்’ என்ற பதில் எடுபடாது.

இன்னொரு ஆபத்து விரலில் இருக்கிறது. லைட்டின் சுவிட்ச் இருப்பது விசைக்குப் பக்கத்தில். 2010இல் டெக்சாஸ் மாநிலத்தின் பிளானோ நகரில் ஒரு போலீஸ்காரர், லைட் சுவிட்சை அழுத்தப் போய் விசையை இழுத்துவிட்டதாகச் சொன்னார். எதிரே இருந்தவர் உயிரோடு இல்லை. நல்ல லைட்டும் முறையான பயிற்சியும் உள்ள போலீஸ் துறையிலேயே இது நடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை நாலு தோட்டா சுடும் நம் கன்மேன்களை நினைத்துப் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் வேலை கிடைத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே ராத்திரியில் துப்பாக்கியும் அதோடு சேர்ந்த வெளிச்சமுமாக ஒருவர் நடந்தால், வனத்துறைக்கு முதலில் வரும் சந்தேகம் வேட்டைதான். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு நாட்டுத்துப்பாக்கியோடு முயலுக்கும் மானுக்கும் போகிறவர்களை அவர்கள் ரொம்ப காலமாகப் பிடித்துவருகிறார்கள். சானமாவு காட்டில் யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் உங்களுக்கு வேண்டியது தூரம் போகும் டார்ச்சும் வனத்துறையின் போன் நம்பரும்தான்.

சரி, கொள்ளை? அதற்காகத்தானே இவ்வளவும் என்பீர்கள். நம் ஊரிலும் பக்கத்து மாநிலத்திலும் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 22, ஓசூர் பாகலூர் ரோடு, முத்தூட் ஃபைனான்ஸ் கிளை. கடை திறந்த வேளையில், காலை நேரத்தில், வாடிக்கையாளர் போல நுழைந்தவர்கள் செக்யூரிட்டியையும் ஊழியர்களையும் துப்பாக்கி முனையில் மடக்கி, சுமார் 25 கிலோ நகையோடு போனார்கள். மறுநாளே ஹைதராபாத் பக்கம் சைபராபாத் போலீசிடம் சிக்கினார்கள். 2025 ஜனவரி 16, கர்நாடகத்தின் பீதர்: ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுவந்தவர்கள் மீது நட்ட நடு ஊரில், பகலில் சுட்டார்கள். ஊழியர் ஒருவர் இறந்தார். 2025 நவம்பர் 19, பெங்களூரு: ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு கேஷ் வேனை மறித்து 7.11 கோடி ரூபாயை அள்ளிப் போனார்கள். அதுவும் பகல். மூன்றிலும் இருட்டு ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஓசூரில் வாடிக்கையாளர் வேஷம், பெங்களூரில் அதிகாரி வேஷம். அங்கே கன்மேனுக்கு வேண்டியிருந்தது ஆயிரம் லூமன் வெளிச்சமல்ல. ‘ஐடி கார்டைக் காட்டுங்கள், கன்ட்ரோல் ரூமுக்குக் கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்’ என்று சொல்லும் பழக்கமும், அப்படிச் சொன்னவரைத் திட்டாத மேலாளரும்.

ராத்திரிச் சம்பவமும் உண்டு. 2015 ஜனவரியில் கிருஷ்ணகிரி அருகே பாங்க் ஆஃப் பரோடாவின் இராமாபுரம் கிளையில் ஆறாயிரம் பவுனுக்கு மேல் போனது. இரவில் ஜன்னல் வழியாகப் புகுந்து, லாக்கரை வெட்டி எடுத்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டியவை கம்பி, அலாரம், ரவுண்ட்ஸ்.

கேஷ் வேன் வேலையில் சட்டமே இருட்டைத் தவிர்க்கிறது. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த பணப் போக்குவரத்து விதிகளின்படி நகரத்தில் இரவு 9 மணிக்குப் பிறகும், கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்குப் பிறகும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. ஒரு வேனில் டிரைவர், ஆயுதம் தாங்கிய காவலர் இருவர், கஸ்டோடியன் இருவர் இருக்க வேண்டும். ஒரு நடைக்கு 5 கோடிக்கு மேல் கூடாது. வண்டியிலேயே சைரன், தீயணைப்பான், அவசர விளக்கு எல்லாம் இருக்க வேண்டும். கெலமங்கலம் பக்கம் ஏழு மணிக்கு ஏ.டி.எம். நிரப்பச் சொல்லி அனுப்பினால், லைட்டைத் தேடாதீர்கள். விதியைச் சொல்லி மறுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு மறுத்தால் இன்னும் நல்லது.

இனி டார்ச். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் தினமும் கையில் இருக்கப்போவது இதுதான்.

பின்பக்கம் சுவிட்ச் உள்ளதாக, அழுத்தும்வரை எரிந்து விட்டவுடன் அணைவதாகப் பாருங்கள். சைடு சுவிட்ச் உள்ளதைத் தவிர்க்கலாம்; இருட்டில் விரல் தடவும். கேட் வேலைக்கு 300 முதல் 500 லூமன் தாராளம். ஐந்து வகையாகச் சிமிட்டும் விளையாட்டெல்லாம் வேண்டாம். அவசரத்தில் அழுத்தும்போது சிமிட்டல் வந்து நின்றால் உங்களுக்கே கண் கட்டும். சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்றால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் துப்பாக்கி இல்லாத காவலருக்கும் இந்த டார்ச்சே போதும். அதுவே இந்த முறையின் சௌகரியம்.

பிடிப்பது இடது கையில். கட்டைவிரல் பின் சுவிட்சில், கண்ணாடி சுண்டுவிரல் பக்கம். கையை உயர்த்தித் தாடைக்குப் பக்கத்தில் வையுங்கள். கண் போகும் திசையில் வெளிச்சமும் போகும். ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் கையை உடம்பிலிருந்து விலக்கி, பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள். எதிரி வெளிச்சத்தைக் குறிவைத்தால் அங்கே உங்கள் நெஞ்சு இருக்காது. ஒரு நொடி அடித்து அணைத்துவிட்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் நகருங்கள். அடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. ரிவால்வர் வைத்திருப்பவர் வலது கையால் மட்டும் பிடித்துச் சுடவும் பழகியிருக்க வேண்டும். முதலில் தோட்டா எடுத்துவிட்ட ஆயுதத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, சுடுதளத்தில்.

டபுள் பேரலுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே டார்ச் அடுத்தவர் கையில் இருக்க வேண்டும். இதை எந்த ஏஜென்சியும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. நீங்களே பேசி வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்காரர் துப்பாக்கிக்காரருக்கு முன்னால் ஒருபோதும் போகக் கூடாது. போனால் அவர் முதுகு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும், குழலும் அந்த முதுகையே பார்க்கும். இருவரும் ஒரே வரிசையில், நாலடி இடைவெளியில் நில்லுங்கள். “அண்ணே, இடது பக்கம் அடிங்க”, “அணைங்க” என்று இரண்டு மூன்று வார்த்தை மட்டும் போதும். அதைப் பகலிலேயே ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.டி.எம். கண்ணாடிக் கதவில் நேராக அடித்தால் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். சாய்வாக, தரையில் அடியுங்கள். தரையில் பட்டுச் சிதறும் வெளிச்சத்திலேயே உள்ளே நிற்பவரின் கையும் முகமும் தெரிந்துவிடும். இந்த வித்தை மனிதர்களைப் பார்க்கும்போதும் உதவும். டிரைவர் முகத்துக்கு நேரே அடிக்காமல் அவர் மடியில் அடித்தால் போதும், அவரும் கோபப்பட மாட்டார். மார்கழி, தை மாதங்களில் ஓசூரில் பனிமூட்டம் இறங்கினால் தோளுயரத்தில் பிடித்த டார்ச் வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள்.

சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு: உங்கள் கேட்டில் பல்பு எங்கே இருக்கிறது? பெரும்பாலான தொழிற்சாலைகளில் அது செக்யூரிட்டி கேபினுக்கு நேர் மேலே, காவலரின் தலையில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். வருகிறவன் காவலரை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறான். காவலருக்கு வெளியே எல்லாம் கும்மிருட்டு. விளக்கை வண்டி நிற்கும் இடத்தின் மீது திருப்புங்கள், கேபினை நிழலில் விடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. எந்தத் துப்பாக்கி லைட்டும் இந்த அளவு பலன் தராது.

கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் தொழில்முனைவோருக்கு வருவோம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். லைட் மாட்டினால் அந்த லைட்டுக்கென்றே செய்த உறை வேண்டும். நம் ஆயுதக் கடைகளில் கிடைக்கும் தோல் உறையில் அது நுழையாது. உறை பருத்தால் சட்டைக்கு மேல் புடைக்கும்; நாலு பேர் கவனிப்பார்கள். மறைத்து வைத்ததன் நோக்கமே போய்விடும். கல்வி நிலைய வளாகத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்பதும் லைசென்ஸிலேயே அச்சடித்த நிபந்தனை. பேரக்குழந்தையின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகும்போது வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள்.

விதிவிலக்கு என்றேனே, அது இதுதான். ஊருக்கு வெளியே பண்ணை வீடு. ரெயிலோடு வந்த, சட்டப்படி வாங்கிய பிஸ்டல். அது வெளியே போவதில்லை, பெட்டிக்குள் பூட்டியே இருக்கிறது. ராத்திரியில் கதவு உடைபடும் நிலை வந்தால் மட்டும் எடுப்பது. அப்போது துப்பாக்கியில் லைட் இருந்தால் இன்னொரு கை காலியாகும். 112க்கு அடிக்கலாம், குழந்தையை இழுத்துக்கொள்ளலாம். இது நியாயமான வாதம். ஆனால் அப்போதும் தனியாக ஒரு டார்ச் வேண்டும். சமையலறையில் சத்தம் போட்டது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று குழலை நீட்டியா பார்ப்பீர்கள்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆளைப் பார்த்தீர்களா, கையில் என்ன இருந்தது என்ற கேள்வி நீதிமன்றத்தில் நிச்சயம் வரும். அதற்குப் பதில் சொல்லக் கண் பார்த்திருக்க வேண்டும்.

எல்லையில் இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் லைசென்ஸ் செல்லும் பகுதி எது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. டீ குடிக்கப் போகும் தூரம்தான், ஆனால் வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு பெங்களூருக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் ஏறினால், லைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கு உங்கள் மீதுதான். வண்டியில் ஏறுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். டார்ச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை தேடுகிறவர்கள் பயிற்சியைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் மாதிரி விதிகளில் புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40 மணி, 16 மணி. இதில் ராத்திரிப் பயிற்சி எவ்வளவு என்று கேட்டால் நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். கூடவே இதையும் கேளுங்கள்: ஒரு ஷிப்டுக்கு எத்தனை டார்ச், சார்ஜ் போடுவது யார் பொறுப்பு, பேட்டரி செத்தால் ராத்திரி யாரிடம் வாங்குவது? வேலையில் சேர்ந்ததும் ஷிப்ட் மாறும் ரிஜிஸ்டரில் சாவிக்கொத்து, வாக்கி டாக்கி, தோட்டா எண்ணிக்கைக்குக் கீழே டார்ச்சுக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். எரிகிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.